வரவேற்பறையில் ஒரு பியானோ: ஃபோர்ட் வொர்த் நகரமும் வான் கிளைபர்ன் போட்டியும்

நான்கு வருடத்துக்கு ஒரு முறை, வான் கிளைபர்ன் பியானோ போட்டி தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், டெக்ஸாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த் நகரத்தில் சில வீடுகளின் வாசலில் லாரி வந்து நிற்கும். போர்வை சுற்றிய பெரிய பொருள் ஒன்றை அதிலிருந்து இறக்குவார்கள். கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி, பலகையோடு சேர்த்துக் கட்டிய கிராண்ட் பியானோ அது. வீட்டுக்காரர்கள் அதற்குள் வரவேற்பறைச் சோபாவையும் டீப்பாயையும் வேறு அறைக்குத் தள்ளி இடம் பண்ணியிருப்பார்கள். நாலைந்து பேர் மூச்சுப் பிடித்து அதை வாசற்படி தாண்டிக் கொண்டுவந்து, காலைப் பொருத்தி, மெதுவாக நிறுத்துவார்கள். அப்புறம் டியூனர் வந்து ஒவ்வொரு கம்பியாகச் சுருதி சேர்ப்பார். எல்லாம் முடிந்தபின் ஒருநாள் விமான நிலையத்திலிருந்து ஒரு பையனோ பெண்ணோ வந்து இறங்குவார். சோலிலிருந்து வரலாம், கீவிலிருந்து வரலாம், ஹாங்காங்கிலிருந்து வரலாம். வீட்டுக்காரர்கள் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அடுத்த மூன்று வாரம் அந்தப் பிள்ளை அவர்கள் வீட்டுப் பிள்ளை. காலையில் என்ன சாப்பிடுவான், எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், கச்சேரிச் சட்டையை யார் இஸ்திரி போடுவது, அரங்கத்துக்கு யார் காரில் கொண்டுவிடுவது, எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடுராத்திரி ஒரு மணிக்கு இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஒரே பக்கத்தை நாற்பது தடவை வாசித்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அவன் தோற்று வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். இவர்கள் யாரும் இதற்காகச் சம்பளம் வாங்குவதில்லை.

வான் கிளைபர்ன் சர்வதேச பியானோ போட்டி என்றதும் பேச்சு பரிசுத்தொகையைப் பற்றியும் ஜெயித்தவர்களைப் பற்றியும்தான் போகும். நான் இந்தப் போட்டியைப் பல வருடமாகக் கவனித்து வருகிறேன். இதைத் தாங்கி நிற்பது அந்த வரவேற்பறைகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு நகரத்துப் பியானோ டீச்சர்களும் குடும்பங்களும் தங்கள் வீட்டு விசேஷம் மாதிரி எடுத்துச் செய்ததால்தான் இது 60 வருடத்துக்கு மேல் நிலைத்திருக்கிறது. அது எப்படி நடந்தது என்று பார்க்க 1958க்குப் போக வேண்டும்.

சோவியத் நாட்டின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் ஏறி ஆறு மாதம் ஆகியிருந்தது. அறிவியலில் மட்டுமல்லாமல் கலையிலும் நாங்களே முன்னால் என்று காட்ட, சோவியத் அரசு மாஸ்கோவில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கி பெயரில் முதல் இசைப் போட்டியை நடத்தியது. அதற்கு அமெரிக்காவிலிருந்து வந்தவர்களில் 23 வயது வான் கிளைபர்னும் ஒருவர். நெடுநெடுவென்ற உயரம், சுருள் முடி, பணிவான பேச்சு. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் பிறந்து டெக்ஸாஸின் கில்கோர் என்ற எண்ணெய்க் கிணற்று ஊரில் வளர்ந்தவர். அவருக்கு முதல் குரு அம்மா ரில்டியா பீ. அந்த அம்மா ஆர்தர் ஃப்ரீட்ஹெய்மிடம் படித்தவர். ஃப்ரீட்ஹெய்ம் லிஸ்ட்டின் நேரடி மாணவர். ஆக, லிஸ்ட்டின் வழி கில்கோரின் ஒரு வீட்டுக்குள் வரைக்கும் வந்திருந்தது. பிறகு நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ரோசினா லெவின் என்ற ரஷ்ய ஆசிரியையிடம் படித்தார்.

இறுதிச் சுற்றில் கிரில் கோந்த்ராஷின் நடத்திய இசைக்குழுவோடு சாய்கோவ்ஸ்கியின் முதல் கான்செர்ட்டோவையும் ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோவையும் வாசித்தார். கான்செர்ட்டோ என்றால் ஒரு தனிக்கலைஞரும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு. மாஸ்கோ ரசிகர்கள் எட்டு நிமிடம் நின்று கைதட்டினார்கள். தங்கள் ஊர்ப் பாட்டை ஒரு அந்நியன் இவ்வளவு மனம்விட்டு வாசிக்கிறானே என்ற நெகிழ்ச்சி அவர்களுக்கு. நடுவர் குழுவுக்குத் தலைவர் சோவியத் பியானோ மேதை எமில் கிலெல்ஸ்; குழுவில் இன்னொரு மேதையான ரிக்தரும் இருந்தார். அமெரிக்கனுக்கு முதல் பரிசு கொடுக்கலாமா என்று சோவியத் தலைவர் குருஷேவ் வரைக்கும் கேட்கப் போனதும், அவன்தான் சிறந்தவன் என்றால் அவனுக்கே கொடுங்கள் என்று அவர் சொன்னதும் பலமுறை சொல்லப்பட்ட கதை. ஊர் திரும்பியபோது நியூயார்க் தெருக்களில் காகிதத் துண்டுகளைத் தூவி ஊர்வலம் நடத்தினார்கள். போரில் ஜெயித்த தளபதிகளுக்கும் விண்வெளி வீரர்களுக்கும் நடக்கிற ஊர்வலம் அது. செவ்வியல் இசைக்காரர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அந்த ஒரு தடவைதான்.

இதுவரைக்கும் எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதே வருடக் கடைசியில் நடந்த ஒரு விருந்து. பியானோ ஆசிரியர்களின் தேசிய அமைப்பு ஒன்று கிளைபர்னைக் கௌரவித்து அந்த விருந்தைக் கொடுத்தது. அமைப்பைத் தொடங்கிய டாக்டர் எர்ல் ஆலிசன் எழுந்து, கிளைபர்ன் பெயரில் ஒரு பியானோ போட்டி நடந்தால் அதன் முதல் பரிசுக்கு 10,000 டாலர் தருகிறேன் என்று அறிவித்துவிட்டார். பணத்தைச் சொல்லியாயிற்று, யார் நடத்துவது? அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் ஃபோர்ட் வொர்த்தின் உள்ளூர்ப் பியானோ டீச்சர்கள். கிரேஸ் வார்டு லாங்க்ஃபோர்டு என்ற பெண்மணி முன்னால் நின்றார். வீட்டில் பிள்ளைகளுக்கு ஸ்வர வரிசை சொல்லிக்கொடுக்கிறவர்கள், உலகம் முழுவதிலுமிருந்து பியானோக் கலைஞர்களை வரவழைக்கிற காரியத்தில் இறங்கினார்கள்.

முதல் போட்டி 1962 செப்டம்பர் 24 அன்று டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் தொடங்கியது. அமெரிக்கரான ரால்ஃப் வோட்டபெக் முதலில் வந்தார். இரண்டாவது நிகொலாய் பெத்ரோவ், மூன்றாவது மிகயீல் வஸ்கிரெசென்ஸ்கி. இருவரும் சோவியத் நாட்டவர். போட்டி அக்டோபர் 7ஆம் தேதி முடிந்தது. சரியாக ஒன்பது நாள் கழித்து அமெரிக்க-சோவியத் மோதலான கியூபா ஏவுகணை விவகாரம் வெள்ளை மாளிகையின் மேசைக்கு வந்து, உலகம் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நின்றது. அதே மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டு ரஷ்யர்களுக்கு டெக்ஸாஸ்காரர்கள் மேடையில் மெடல் கொடுத்துக் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கால ஃபோர்ட் வொர்த் சுமார் மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர். அதற்கு இன்றைக்கும் செல்லப்பெயர் 'மாட்டூர்'. டெக்ஸாஸின் தெற்கிலிருந்து கிளம்பிய மாட்டு மந்தைகள் வடக்கே கான்சாஸ் போகும் வழியில் தங்கிய இடம். பிறகு ரயில் வந்தது, பெரிய மாட்டுச் சந்தை வந்தது, இறைச்சித் தொழிற்சாலைகள் வந்தன. 50 கிலோமீட்டரில் இருக்கும் டாலஸ் எப்போதும் இதை ஒரு படி கீழே வைத்தே பார்த்தது. இப்போதும் பழைய சந்தை வளாகத்தில் தினமும் நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக் காட்டுகிறார்கள். இந்த ஊருக்கும் ஷூபர்ட்டின் பியானோ இசைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கத்தான் தோன்றும்.

இந்த ஊரின் பழக்கம் ஒன்றைச் சொன்னால் அது புரியும். 1963 நவம்பரில் அதிபர் கென்னடியும் ஜாக்குலினும் ஃபோர்ட் வொர்த்தில் ஓர் இரவு தங்கினார்கள். கென்னடியின் கடைசி இரவு அது. அவர்களுக்குக் கொடுத்த ஹோட்டல் அறை சாதாரணமாக இருக்கிறதே என்று ஊர்க்காரர்கள் சிலர் கவலைப்பட்டு, உள்ளூர் வீடுகளிலிருந்தும் அருங்காட்சியகங்களிலிருந்தும் வான்கா, மோனே, பிக்காசோ படைப்புகளை இரவல் வாங்கிக்கொண்டுபோய் அந்த அறையில் வைத்தார்கள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டில் இருக்கும் நல்ல பொருளை எடுத்து வெளியில் வைக்கிற மனசு. கிளைபர்ன் போட்டி அந்த மனசிலிருந்து வந்தது. எண்ணெய்ப் பணமும் மாட்டுப் பணமும் இருந்தது உண்மைதான். 1972இல் லூயி கானை வைத்துக் கிம்பெல் அருங்காட்சியகத்தை எழுப்பியதும் ஊர்ப் பணம்தான். அகமதாபாத் ஐஐஎம் கட்டடங்களை வடிவமைத்த அதே லூயி கான். ஆனால் பணம் கட்டடம் கட்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பியானோ வாசிப்பவனுக்குப் பால் சுடவைத்துக் கொடுக்காது.

போட்டியின் உள்ளமைப்பையும் கொஞ்சம் பார்க்கலாம், அப்போதுதான் வீடுகளின் மதிப்பு தெரியும். 2025 போட்டியில் 28 பேர் கலந்துகொண்டார்கள். முதல் சுற்று முடிந்ததும் 18 பேர், அப்புறம் 12, இறுதிக்கு 6. ஒருவர் கடைசிவரை போனால் முதலில் 40 நிமிடத் தனிக் கச்சேரி, பிறகு இன்னொரு 40 நிமிடம், அரையிறுதியில் ஒரு மணி நேரம், அதோடு இசைக்குழுவுடன் ஒரு மோட்சார்ட் கான்செர்ட்டோ, இறுதியில் இரண்டு பெரிய கான்செர்ட்டோக்கள் வாசிக்க வேண்டும். எதையும் திரும்ப வாசிக்க முடியாது. கிட்டத்தட்ட எல்லாம் மனப்பாடமாக, மூன்று வாரத்துக்குள். ஒரு தொழில்முறைக் கலைஞர் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளும் பாடாந்தரம் அது.

உள்ளூர் இசைக்குழுவான ஃபோர்ட் வொர்த் சிம்பனியின் சிரமத்தையும் எண்ணிப் பாருங்கள். அரையிறுதியில் 12 பேருடன் 12 கான்செர்ட்டோ, இறுதியில் 6 பேருடன் 12. மொத்தம் 24 தடவை புதுப்புதுத் தனிக்கலைஞருடன் சேர்ந்து வாசிக்க வேண்டும். ஒருவர் வேகமாகப் போவார், ஒருவர் மூச்சிழுத்து நிற்பார். யாரையும் கைவிடாமல் கூடவே போகிற அந்த வாத்தியக்காரர்களின் பெயர் பத்திரிகையில் வருவதில்லை. வர வேண்டும் என்பது என் ஆசை.

பயிற்சி எங்கே செய்வது என்பதுதான் பல போட்டிகளில் பெரிய தலைவலி. ஓட்டலிலோ மாணவர் விடுதியிலோ தங்கவைப்பார்கள். பயிற்சி அறைக்கு நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரம் முடிந்ததும் அடுத்தவர் கதவைத் தட்டுவார். நாளைக் காலை ரக்மானினோவ் வாசிக்கப்போகிறவனுக்கு இரவு பதினொன்றுக்கு ஒரு சந்தேகம் வந்தால் போக இடமில்லை. ஃபோர்ட் வொர்த்தில் அவன் படுக்கையிலிருந்து எழுந்து பத்தடி நடந்தால் போதும், ஸ்டைன்வே பியானோ காத்திருக்கிறது. இது வெறும் உபசாரம் என்று நினைக்க வேண்டாம். வாசிப்பின் தரத்தையே உயர்த்துகிற ஏற்பாடு இது. தனியாக ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு பதறுவதற்கும், சமையலறையில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்க வாசித்துப் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! வீட்டுக்காரர்களில் பலருக்கு இசை தெரியாது. அதுவே ஒருவிதத்தில் நல்லது; அவர்கள் யாரும் அவனுக்கு மார்க் போட மாட்டார்கள்.

ரசிகர்கள் பக்கம் வந்தால், இந்தப் போட்டி ஒரு நகரத்துக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்திருக்கிறது. முதல் போட்டியிலிருந்தே புதிதாக ஒரு இசைத்துண்டு எழுதச் சொல்லிப் போட்டியாளர்களிடம் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஏரன் கோப்லாண்ட் எழுதியிருக்கிறார், சாமுவேல் பார்பர் எழுதியிருக்கிறார், 1981இல் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் எழுதினார். 2022இல் ஸ்டீபன் ஹஃப் எழுதிய துண்டை முதல் சுற்றில் 30 பேரும் வாசித்தார்கள். நடுவர் குழுவில் ஹஃப்பும் உட்கார்ந்திருந்தார். யோசித்துப் பாருங்கள், நேற்று எழுதிய புது இசையை எந்த ஊர் ரசிகர்கள் சில நாளில் 30 தடவை கேட்பார்கள்? ஆறாவது தடவை கேட்கும்போது அது பழகிவிடும். பதினைந்தாவது தடவையில் இவர் ஏன் இந்த இடத்தில் நிதானித்தார் என்று கேட்கத் தோன்றும். இசைக் கல்லூரியில் சேராமலே கிடைக்கிற படிப்பு அது. ஒவ்வொருவர் வாசித்து முடித்ததும் நிரலில் பேனாவால் குறித்துவைத்து, பக்கத்து இருக்கைக்காரரோடு வாதாடுகிறவர்கள் அந்த ஊரில் நிறைய உண்டு.

இப்போது அந்த ரசிகர் கூட்டம் உலகம் முழுக்க விரிந்திருக்கிறது. எல்லாச் சுற்றும் இணையத்தில் நேரலையாக வருகிறது. அங்கே இரவு ஏழரைக்குக் கச்சேரி தொடங்கினால் நமக்கு மறுநாள் காலை ஆறு மணி. பால்காரர் வந்துபோகிற நேரத்தில் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த காலைகள் எனக்கு நிறைய இருக்கின்றன.

2022 ஜூனில் யுன்சான் லிம் வாசித்ததை எப்படிச் சொல்வது? அப்போது அவருக்கு 18 வயது. அரையிறுதியில் லிஸ்ட்டின் 12 டிரான்சென்டென்டல் எட்யூட்கள் என்ற மிகக் கடினமான படைப்புகளையும் ஒரே மூச்சில் வாசித்தார். அவற்றில் ஒன்றிரண்டை வாசிக்கவே பெரிய கைகள் யோசிக்கும். இறுதியில் ரக்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ. தொடக்கத்தில் வரும் அந்த எளிய மெட்டை ஒரு அலங்காரமும் இல்லாமல், யாரிடமோ தணிந்த குரலில் பேசுவதுபோல வாசித்தார். கடைசிப் பகுதியில் வேகம் ஏறி ஏறிப் போய் முடிந்தபோது, இசைக்குழுவை நடத்திய மாரின் ஆல்சப் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் காணொளியை இதுவரை ஒரு கோடிக்கும் மேலான தடவை பார்த்திருக்கிறார்கள். தங்கப் பதக்கம் அவருக்குத்தான் கிடைத்தது. இந்தப் போட்டியில் அவ்வளவு இளம் வயதில் அதை வாங்கியவர் வேறு யாரும் இல்லை.

லிம் பியானோ படிக்கத் தொடங்கியது ஏழு வயதில், வீட்டுக்குப் பக்கத்துத் தெரு டியூஷன் மாதிரியான ஒரு சிறிய இசைப் பள்ளியில். நண்பர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வகுப்புக்குப் போகிறார்களே என்று அவரும் போனார். 1997இல் ஜெயித்த ஜான் நகமட்சு கலிஃபோர்னியாவில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஜெர்மன் மொழி வாத்தியாராக இருந்தவர். இசைக் கல்லூரிப் பட்டமே இல்லை. ஆறு வயதிலிருந்து ஒரே ஆசிரியையிடம் கற்றவர். கிளைபர்னுக்கு அம்மா, லிம்முக்குப் பக்கத்துத் தெருப் பள்ளி, நகமட்சுவுக்கு ஒரே ஒரு டீச்சர். பியானோ டீச்சர்கள் கூடித் தொடங்கிய போட்டியில் இந்த இழை மறுபடி மறுபடி வருவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது.

2009 போட்டியையும் விட்டுவிட முடியாது. அந்த வருடம் தங்கத்தை இருவர் பகிர்ந்துகொண்டார்கள்: சீனாவின் 19 வயது ஹாவ்சென் ஜாங், ஜப்பானின் 20 வயது நொபுயுகி சுஜீ. சுஜீக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. காதால் கேட்டுக் கேட்டே பாடம் பண்ணுகிறவர். இசைக்குழுவை நடத்துபவரின் கை அசைவை அவர் பார்க்க முடியாது; அவருடைய மூச்சைக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவார். அவர் வாசித்து முடித்தபோது அரங்கத்தில் பலர் அழுதுவிட்டார்கள். பரிதாபப்பட்டுப் பதக்கம் கொடுத்தார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர் வாசித்த ஷோபனைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இந்தப் போட்டியை அரசியல் விட்டதே இல்லை. பிறந்ததே பனிப்போரில்தானே. 2022இல் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்த சில மாதங்களில் போட்டி நடந்தது. ரஷ்யக் கலைஞர்களைப் பல அரங்குகள் விலக்கிக்கொண்டிருந்த நேரம். மாஸ்கோவின் சாய்கோவ்ஸ்கி போட்டியை உலக இசைப் போட்டிகளின் கூட்டமைப்பு வெளியேற்றியிருந்தது. கிளைபர்ன் போட்டிக்காரர்கள் ரஷ்ய இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். இவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள் அல்லர், தனி மனிதர்கள் என்பது அவர்கள் வாதம். அப்போது நிறையப் பேர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் முடிவு சரியென்றே நான் நினைக்கிறேன். கடைசியில் மேடையில் நின்ற மூவர்: தென்கொரியாவின் லிம், இரண்டாமிடத்தில் ரஷ்யாவின் அன்னா கெனியுஷெனே, மூன்றாமிடத்தில் உக்ரைனின் டிமித்ரோ சோனி. கெனியுஷெனே போரை வெளிப்படையாகக் கண்டித்து ரஷ்யாவைவிட்டே வெளியேறியவர். அப்போது கர்ப்பிணி.

சரி, குறைகள் இல்லையா? இருக்கின்றன. பியானோ போட்டி உலகம் முழுவதுமே ஒரு சிறிய வட்டம். நடுவரிடம் படித்தவரே போட்டியில் இருப்பார். அதற்கு விதிகள் வைத்தாலும் சந்தேகம் முழுக்கத் தீர்வதில்லை. மாறுபட்டு வாசிக்கிறவரைவிட யாருக்கும் ஆட்சேபம் இல்லாதவர் மேலே போகிற அபாயம், மார்க் போடும் எந்த முறையிலும் இருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை ஜெயித்த பிறகு வருவது. 1,00,000 டாலரோடு மூன்று வருடத்துக்குக் கச்சேரி ஏற்பாடும் பரிசில் சேர்த்தி. இருபது வயதுப் பிள்ளை திடீரென்று ஊர் ஊராகப் பெட்டியோடு அலைய வேண்டும். கிளைபர்னே இதற்குச் சாட்சி. போன இடமெல்லாம் அதே சாய்கோவ்ஸ்கியைக் கேட்டார்கள். அலுத்து ஓய்ந்து, 1978இல், 44 வயதில், மேடையைவிட்டு விலகினார். மறுபடி அவர் வாசித்தது 1987 டிசம்பரில் வெள்ளை மாளிகையில், சோவியத் தலைவர் கொர்பச்சேவ் முன்னால். 'மாஸ்கோ இரவுகள்' என்ற ரஷ்யப் பாட்டை எடுத்ததும் கொர்பச்சேவ் கூடவே பாடினார்.

பிற்காலத்தில் கிளைபர்ன் ஃபோர்ட் வொர்த்துக்கே குடிவந்துவிட்டார். தன் பெயரில் நடக்கும் போட்டிக்கு நடுவராக உட்காராமல், கேட்கவும் பிள்ளைகளைத் தட்டிக்கொடுக்கவும் மட்டும் வருவார். 2013 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு 78 வயது. அவர் வழக்கமாகப் போன பிராட்வே பாப்டிஸ்ட் தேவாலயத்தில்தான் இறுதி ஆராதனை நடந்தது. அங்கேயுள்ள பெரிய ஆர்கன் வாத்தியத்துக்கு அவர் அம்மாவின் பெயர்.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை மட்டும் விழித்துக்கொள்ளும் அமைப்பு இது என்று நினைத்துவிட வேண்டாம். இடைப்பட்ட வருடங்களில் உள்ளூர் ஆரம்பப் பள்ளிகளுக்குக் கலைஞர்கள் பியானோவோடு போகிறார்கள். 2015இல் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது 1999இல் வந்த அமெச்சூர் போட்டி. 35 வயது தாண்டியவர்கள், வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள் அதில் கலந்துகொள்ளலாம். மருத்துவர்கள், வக்கீல்கள், கணினிக்காரர்கள் எல்லாம் வருவார்கள். சின்ன வயதில் கைவிட்டதை நாற்பதில் மறுபடி எடுத்தவர்கள், ஆபீஸ் முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தவர்கள். மேடை ஏறும்போது அவர்கள் கை நடுங்குவது தெரியும். அந்த நடுக்கத்தோடு ஒரு ஷூபர்ட் சொனாட்டாவைத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் பயம் விலகி, பாட்டுக்குள் போய்விடுவார்கள்.

மற்ற ஊர்களிலும் இதே மாதிரி வேர் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் போட்டியைத் தொடங்கியது ஃபானி வாட்டர்மன் என்ற பியானோ டீச்சர். கம்பளி ஆலைகள் நிறைந்திருந்த ஊரில் 1963இல் முதல் போட்டி நடந்தது. ஜப்பானின் ஹமாமட்சுவில் கதை வேறு. யமஹாவும் கவாயும் பியானோ செய்கிற ஊர் அது. 1991இல் போட்டியைத் தொடங்கி நடத்தி வருகிறது.

ஃபோர்ட் வொர்த்தில் வந்துபோனவர்களில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அலெக்சேய் சுல்தானோவை. தாஷ்கண்டுக்காரர். 1989இல் 19 வயதில் வந்தார். பியானோக் கம்பி அறுந்துபோகிற ஆவேசத்தில் வாசித்தார். சிலருக்கு அது பிடிக்கவே இல்லை, சிலர் மயங்கிப்போனார்கள். தங்கம் வாங்கினார். பிறகு உலகம் சுற்றினார். 1995இல் வார்சாவின் ஷோபன் போட்டியில் முதல் பரிசை யாருக்கும் தராமல் இரண்டாம் பரிசை இவருக்கும் இன்னொருவருக்கும் பகிர்ந்து கொடுத்தபோது, வாங்க மறுத்துவிட்டார். ஃபோர்ட் வொர்த்திலேயே மனைவியோடு குடியேறினார். 2001இல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு 31 வயது.

அதன்பின் அவர் மேடைக் கச்சேரி செய்யவில்லை. ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. பதக்கம் கொடுத்த அதே ஊரில், முதியோர் இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் சக்கர நாற்காலியில் போவார். பியானோ முன்னால் நிறுத்தியதும் வலது கையைக் கட்டைகள்மேல் வைப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இடது கைப் பகுதியை வாசிப்பார். 2004இல் அமெரிக்கக் குடியுரிமை ஏற்ற விழாவிலும் அப்படியே வாசித்தார். 2005 ஜூனில், அந்த வருடத்துக் கிளைபர்ன் போட்டி முடிந்த அதே மாதத்தில், தன் ஃபோர்ட் வொர்த் வீட்டில் இறந்துபோனார். அவருக்கு 35 வயது.